தேர்ந்தெடுத்தாள்

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. வாரப் பத்திரிகை ஒன்றில் நான் எழுதி முடித்திருந்த தொடர்கதையைப் பற்றிய கடிதம். தொடர்கதை எழுதுகிறவனுக்கு, கதை முடிந்த பிறகு வருகிற கடிதங்கள் பெரும்பாலும் இரண்டே வகை. "இன்னும் நாலு வாரம் எழுதியிருக்கலாமே" என்பது ஒன்று. "நாலு வாரம் முன்பே முடித்திருக்கலாமே" என்பது மற்றொன்று. இது இரண்டிலும் சேரவில்லை. அந்த அம்மாள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"இருபத்து மூன்றாம் அத்தியாயத்தின் கடைசி வரியில், 'அன்று இரவு அவள் தன் வாழ்க்கைத் துணையைத் தானே தேர்ந்தெடுத்தாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்து நாலாம் அத்தியாயம் தொடங்கும்போது கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிவிட்டது. நடுவிலே அவள் தன் அப்பாவிடம் என்ன சொன்னாள்? எந்த வார்த்தையில் சொன்னாள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இருபத்து மூன்று வாரம் படித்தேன்."

முதலில் கோபம் வந்தது. எல்லாவற்றையும் எழுதிக் காட்டினால் கதை எதற்கு, வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டாமா என்றெல்லாம் ஒரு பதிலை மனசுக்குள் எழுதினேன். எழுதி முடித்ததும் அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. உண்மை என்னவென்றால், அந்தப் பெண் தன் அப்பாவிடம் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை ஒரு நல்ல தமிழ் வினைச்சொல்லால் மூடி, மேலே 'தொடரும்' என்று போட்டுவிட்டேன். 'தேர்ந்தெடுத்தாள்' என்ற சொல் ஒரு முழு அத்தியாயத்தைத் தின்றுவிட்டது.

அது என்ன அப்படிப்பட்ட சொல் என்று அன்று முதல் அதன் பின்னாலேயே திரிந்தேன். வீட்டில் யார் வாயிலாவது அது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு வாரம் ஆயிற்று, வரவில்லை.

இதற்கு அர்த்தம், எங்கள் வீட்டில் யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை என்பதா? விடிந்தது முதல் அதுதான் நடக்கிறது. கடைத்தெருவுக்குப் புறப்படும்போது என் மனைவி, "கத்திரிக்காயைப் பாத்து எடுங்க" என்கிறாள். அங்கே போய்க் கூடைக்குள் கையை விட்டால் கடைக்கார அம்மாள், "அள்ளிப் போட்டா ஒரு விலை, பொறுக்கி எடுத்தா ஒரு விலை" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறாள். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். வீட்டுக்கு வந்தால் கீரையை ஆய்கிறார்கள். அரிசியைப் புடைக்கிறார்கள், கல் பொறுக்குகிறார்கள். மாவைச் சலிக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் புடவை எடுக்கப் போகிறார்கள். கவனியுங்கள், புடவையை யாரும் வாங்கப் போவதில்லை, எடுக்கத்தான் போகிறார்கள். பணம் கொடுப்பது அங்கே இரண்டாம்பட்சம். ஐம்பது புடவைகளை விரித்துப் போட்டு நாற்பத்தொன்பதை விலக்குவதுதான் காரியம். அந்தக் காரியத்துக்கு எடுத்தல் என்று பெயர்.

இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு என்பதைக் கொஞ்சம் நின்று பார்த்தால்தான் தெரிகிறது. அரிசியில் கல் பொறுக்கும்போது நாம் பொறுக்குவது கெட்டதை. கத்திரிக்காய் பொறுக்கும்போது பொறுக்குவது நல்லதை. பொறுக்குகிற கைக்கு நல்லது கெட்டது முக்கியமில்லை. கும்பலிலிருந்து ஒன்று ஒன்றாகத் தனியே பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் பொறுக்கி எடுத்த முத்து என்று புகழவும் முடிகிறது, பொறுக்கி என்று வையவும் முடிகிறது. ஆய்தல் அப்படியல்ல. கீரைக் கட்டைப் பிரித்து, பழுத்த இலையையும் முற்றின தண்டையும் ஒவ்வொரு காம்பாகப் பார்த்து நீக்கினால்தான் ஆய்ந்ததாகும். பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குச் செய்கிற ஆய்வும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்கிற கிழவிகள் யாருக்கும் பட்டம் கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆக, வீட்டில் காரியம் நடக்கிறது. 'தேர்ந்தெடு' மட்டும் இல்லை. அது எங்கே குடியிருக்கிறது?

இரண்டு இடங்களில் கண்டுபிடித்தேன். ஒன்று, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள். 'சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக' என்பதைப் படிக்காமல் தமிழ்நாட்டில் எந்தக் குழந்தையும் மேல் வகுப்புக்குப் போக முடியாது. நாலு விடை கொடுத்திருக்கும், மூன்று தப்பு, ஒன்று சரி. எது சரி என்பதைக் கேள்வி எழுதினவர் முன்பே தீர்மானித்துவிட்டார். குழந்தை செய்ய வேண்டியது அவர் மனசில் இருப்பதைக் கண்டுபிடிப்பது. ஒரு தமிழ்க் குழந்தை இந்தச் சொல்லைச் சந்திக்கிற முதல் சந்தர்ப்பமே, தனக்கு எது வேண்டும் என்று யாரும் கேட்காத சந்தர்ப்பம்! அந்தப் பரீட்சைக்கும் இன்று தேர்வு என்றே பெயர்.

இரண்டாவது இடம், எலெக்ஷன். அதைத் தேர்தல் என்கிறோம். ஜெயித்தவர் 'தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்று பத்திரிகையில் போடுகிறார்கள். ஆனால் தேர்ந்தெடுத்த ஜனங்கள் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதே இல்லை. "யாருக்குப் போட்டே?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். போடுதல்தான் அவர்கள் சொல். 1951-52ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். எழுத்தறியாத வாக்காளர் சீட்டில் எந்த அடையாளமும் இட வேண்டாம். வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். அன்று அது உள்ளபடியே போடுதல்தான். பெட்டி போய்ப் பொத்தான் வந்த பிறகும் நாம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

நம் தேர்தல் பழமையைப் பேசுகிறவர்கள் உத்திரமேரூரைச் சொல்லாமல் விடுவதில்லை. பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். இரண்டாவது கல்வெட்டின்படி வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். வரி கட்டுகிற கால்வேலிக்கு அதிகமான நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதப் படிப்பு வேண்டும். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தீர்களா? யார் வரக்கூடாது என்பதை மனிதர்கள் ஆய்ந்து ஆய்ந்து நீக்குகிறார்கள். யார் வர வேண்டும் என்ற இடத்துக்கு வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு குழந்தையின் கைக்கு விட்டுவிடுகிறார்கள். கழிப்பது வரைக்கும்தான் நம் பொறுப்பு, கொள்வது தெய்வத்தின் பொறுப்பு என்கிற மனசு அது. ஆயிரம் வருஷம் கழித்தும் அந்த மனசு நம் வீடுகளிலே இருக்கிறது. கோயிலில் பூக் கட்டிப் போட்டுப் பார்த்துக் கல்யாணத்தை நிச்சயம் செய்கிறவர்களை நான் அறிவேன்.

அப்படியானால் 'தேர்ந்தெடு' என்பதே கேள்வித்தாளுக்கும் பத்திரிகைக்கும் ஆன வெறும் ஏட்டுச் சொல்தானா என்றால், அதுவும் இல்லை. அதற்கு ஒரு பழைய, ஆழமான வாழ்வு உண்டு.

தேர்தல் என்றால் ஆராய்தல். தெரிதல் என்றாலும் பழந்தமிழில் ஆராய்தல், ஆராய்ந்து கொள்ளுதல். இலங்கைத் தமிழர்கள் இன்றைக்கும் 'தெரிவு செய்தார்கள்' என்று எழுதுகிறார்கள். நாம்தான் தெரிதலை வெறுமனே கண்ணுக்குப் புலப்படுவதாகவும் அறிந்திருப்பதாகவும் குறுக்கிவிட்டோம். திருக்குறள் பொருட்பாலில் 'தெரிந்து' என்று தொடங்கும் பெயருள்ள அதிகாரங்கள் மூன்று: செயலைத் தெரிவது நாற்பத்தேழாவது, ஆளைத் தெரிந்து தெளிவது ஐம்பத்தொன்றாவது, தெரிந்த ஆளை வேலையில் அமர்த்துவது ஐம்பத்திரண்டாவது. மூன்றும் அரசனுக்குச் சொன்னவை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் சபையில் வந்து நின்ற கண்ணகி, கொலைகாரன் என்றோ கொடியவன் என்றோ தொடங்கவில்லை. ஆராயத் தவறியவன் என்ற பொருளில், தேர் என்னும் இந்த வினையையே எதிர்மறையாக்கித்தான் அரசனை விளிக்கிறாள். இரண்டு சிலம்புகள், வெளிப் பார்வைக்கு ஒன்று போலவே இருந்தவை. ஒன்றினுள்ளே முத்து, மற்றதனுள்ளே மாணிக்கம். உடைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாண்டியன் பார்க்கவில்லை. அதுதான் அவன் குற்றம்.

ஆகவே தமிழில் தேர்ந்தெடுத்தல் என்பது, வேண்டியதை எடுத்துக்கொள்ளும் உரிமையாகத் தொடங்கவில்லை. ஒன்று போல் இருப்பவற்றில் வேற்றுமை காணும் கடமையாகத் தொடங்கியிருக்கிறது. முதலில் தேர், பிறகு எடு. இரண்டு வினைகளில் முன்னதுதான் கனமானது.

இதற்கு இலக்கியத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த காட்சி, நளன் கதையில் வருகிற சுயம்வரம். மண்டபத்தில் தமயந்தி மாலையோடு வருகிறாள். நளனைப் போலவே உருவெடுத்து நான்கு தேவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்; ஐந்தாவது ஆள்தான் நளன். ஐந்து பேரும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள். அவள் பார்க்கிறாள். தேவர்களின் கண் இமைப்பதில்லை. அவர்கள் கால் தரையில் பாவுவதில்லை. அவர்கள் சூடிய மாலை வாடுவதில்லை. ஒருவன் மட்டும் கண் இமைக்கிறான். அவன் கால் மண்ணில் படிகிறது. அவன் மாலை வாடியிருக்கிறது. அவனுக்கு மாலையிடுகிறாள். புகழேந்தியும் பாடினார், அதிவீரராம பாண்டியரும் பாடினார். எத்தனை பேர் பாடினாலும் அந்தக் காட்சி அலுக்காததற்குக் காரணம் இருக்கிறது. குறை என்று உலகம் சொல்லக்கூடியவற்றையே அடையாளமாகக் கொண்டு அவள் மனிதனைக் கண்டுகொள்கிறாள். அங்கே தேர்வதும் எடுப்பதும் இரண்டும் நம் கண் முன் நடக்கின்றன. 'தமயந்தி நளனைத் தேர்ந்தெடுத்தாள்' என்று ஒரு வரியில் எழுதியிருந்தால் சமாசாரம் வந்து சேர்ந்திருக்கும்; காவியம் வந்திருக்காது.

இந்த இடத்தில்தான் என் தொடர்கதையை நினைத்து வெட்கப்பட்டேன்.

கம்பனும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பாடம் வைத்திருந்தான். வில்லை ஒடிப்பவனுக்குப் பெண் என்பது ஜனகன் விதித்த பந்தயம். சீதைக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. வான்மீகத்தில் கல்யாணத்துக்கு முன் அவள் ராமனைப் பார்ப்பதும் இல்லை. கம்பனுக்கு இது பொறுக்கவில்லை போலும். மிதிலைத் தெருவில் நடந்து போகிறவனைக் கன்னிமாடத்திலிருந்து பார்க்க வைத்துவிட்டான். அதன் விளைவாகச் சீதைக்கு ஒரு பெரிய சிக்கல்: வில்லை ஒடித்தவன் அவன்தானா, வேறொருவனா? வாய் திறந்து கேட்க முடியாது. கடைசியில் சபைக்கு அழைத்துவரப்படும்போது, கை வளையைச் சரிசெய்கிற பாவனையில் ஓரக்கண்ணால் பார்த்து, அவனேதான் என்று உறுதி செய்துகொள்கிறாள். சொல்ல ஒரு சொல்லும் இல்லாத பெண்ணுக்குக் கவிஞன் ஒரு வளையலைக் கொடுத்தான். நான் என் கதாநாயகிக்கு ஒரு வினைச்சொல்லைக் கொடுத்தேன். எது அவளுக்கு உதவியது என்று வாசகர்களே சொல்லட்டும்.

இனிப் பேச்சுத் தமிழுக்கு வருவோம். அந்த வாசகி கேட்டாரே, "எந்த வார்த்தையில் சொன்னாள்?" என்று, அதற்கு விடை தேடும்போதுதான் நம் மொழியின் ஒரு குணம் எனக்கு விளங்கிற்று. விருப்பத்தைச் சொல்கிற நம்முடைய சாதாரணச் சொற்களில் 'நான்' எழுவாயாக நிற்பதில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, எனக்கு வேண்டும், எனக்குத் தெரியும், எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் 'எனக்கு'. இலக்கணத்தில் நான்காம் வேற்றுமை என்பார்கள். பிடித்தல் என்றால் பற்றுதல். ஒரு பொருள் எனக்குப் பிடிக்கிறது என்றால், நான் அதைப் பற்றவில்லை; அது வந்து என்னைப் பற்றுகிறது. காய்ச்சல் பிடிப்பது, மழை பிடிப்பது, பேய் பிடிப்பது, மாப்பிள்ளையைப் பிடிப்பது எல்லாம் வாக்கிய அமைப்பில் ஒன்றுக்கொன்று தூரத்து உறவு. விருப்பம் என்பது என் செயல் அல்ல, எனக்கு நேர்வது என்று மொழியே சொல்லிக்கொடுக்கிறது.

இதனால் தமிழர்களுக்குச் சுய விருப்பம் கிடையாது என்று தத்துவம் பேச நான் வரவில்லை. 'எனக்கு வேண்டும்' என்று எங்கள் வீட்டுக் கடைக்குட்டி தரையில் புரளும்போது அதில் விருப்பத்தின் பலத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த வாக்கிய அமைப்பில் ஒரு வசதி இருக்கிறது. அந்த வசதியில் ஒரு அநியாயமும் ஒளிந்திருக்கிறது. அதைக் கல்யாணப் பேச்சில் பார்க்கலாம்.

பெண் பார்க்கிறோம். பெண் எடுக்கிறோம். பெண் கொடுக்கிறோம். மூன்று வினைகளிலும் பெண் செயப்படுபொருள். "அந்த வீட்டிலே பெண் எடுத்திருக்கோம்" என்று பெருமையாகச் சொல்கிறோம். கத்திரிக்காய்க்கும் புடவைக்கும் வந்த அதே எடுத்தல். அந்தப் பெண்ணுக்கென்று இருப்பது ஒரே ஒரு கேள்வி: "பிடிச்சிருக்கா?" அவளுக்கென்று இருப்பது ஒரே ஒரு பதில்.

என் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். கூடத்தில் பாய் விரித்திருந்தது. வந்தவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டுத் தெருவுக்குப் போய்க் காற்றாட நின்றார்கள். அப்பா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார். அக்கா, "உங்க இஷ்டம்ப்பா" என்றாள். அப்பாவுக்குச் சந்தோஷம். "என் பொண்ணைக் கேட்டுத்தான் முடிவு பண்ணினேன்" என்று பின்னால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். அது பொய் அல்ல, கேட்டார்தான். தெருவில் ஏழு பேர் காத்து நிற்கும்போது கேட்டார். அந்தக் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க ஜவுளிக் கடையில் முழு மத்தியானம் உட்கார்ந்திருந்தோம். அக்கா நிறம் பார்த்தாள், கரை பார்த்தாள், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். எடுத்ததை இரண்டு தடவை மாற்றினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புடவை விஷயத்தில் அவளுக்கு அத்தனை கண்டிப்பு இருந்ததை நான் அன்று வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

அக்காவின் வாழ்க்கை கெட்டுப்போய்விட்டது என்று முடித்தால் கதை சுலபமாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. எல்லோரையும் போல நல்லதும் கெட்டதுமாகக் குடும்பம் நடத்துகிறாள். இந்தக் கட்டுரைக்காக அவளிடம், "அன்னிக்கு உனக்குப் பிடிச்சிருந்துதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் பாக்கவே இல்லியேடா" என்றாள். தலை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். தமயந்திக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை; சீதையின் வளையல் தந்திரமும் அவளுக்குத் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட கூடங்களிலிருந்து வருகிற பெண்களைப் பற்றித்தான் நாங்கள் நாவல் எழுதுகிறோம். எழுதும்போது, 'அவள் தேர்ந்தெடுத்தாள்' என்கிறோம். இப்போதெல்லாம் ஒரு படி மேலே போய், 'அவள் மௌனத்தைத் தேர்ந்தெடுத்தாள்', 'அவன் தனிமையைத் தேர்ந்தெடுத்தான்' என்று எழுதுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன், பழைய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்ததில் மூன்று இடம் அகப்பட்டது. மௌனம் என்ன, தட்டில் வைத்து நீட்டிய பலகாரமா? ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வது அந்த மொழிக்கு இயல்பு. தமிழில் ஒருத்தி பேசாமல் இருந்தாள் என்றால், ஏன் பேசவில்லை என்று வாசகர் கேட்பார். எழுத்தாளன் பதில் வைத்திருக்க வேண்டும். மௌனத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அவளுக்கு வேறு வழி இருந்தது, யோசித்தாள், முடிவு செய்தாள் என்று அந்தச் சொல்லே பொய்ச் சாட்சி சொல்லிவிடுகிறது. வாய் மூடப்பட்டவளுக்கு, அவளாகவே வாயை மூடிக்கொண்டாள் என்று சான்றிதழ் கொடுக்கிற மாதிரி. இந்தப் பிரயோகத்தின் மேல் எனக்கு உள்ள ஆட்சேபம் இலக்கண ஆட்சேபம் அல்ல. நியாயத்தைப் பற்றிய ஆட்சேபம்.

சரி, நம் மொழியில் ஒரு பெண் 'நான்' என்று தொடங்கித் தன் மனசைச் சொல்ல வழியே இல்லையா? இருக்கிறது. அது ஒரு மறுப்புச் சொல்: 'மாட்டேன்.'

எனக்கு வேண்டும், எனக்கு வேண்டாம் என்பதில்கூட நான் இல்லை. ஆனால் 'நான் மாட்டேன்' என்பதில் நான் முழுசாக நிற்கிறேன். இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. பழந்தமிழில் மாட்டுதல் என்றால் இயலுதல். மாட்டேன் என்றால் என்னால் இயலாது என்று பொருள். இயலாமையைச் சொன்ன சொல், காலப்போக்கில் சம்மதியாமையைச் சொல்லும் சொல்லாக ஆகிவிட்டது. எத்தனை தலைமுறைப் பெண்களும் பண்ணையாட்களும், 'முடியாதுங்க' என்று பணிவாகச் சொல்வது போலச் சொல்லி உள்ளுக்குள்ளே மறுத்திருப்பார்கள்! அவர்கள் கொடுத்த பலம்தான் அந்தச் சொல்லில் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

நம் கதைகளில் உயிரோடு இருக்கிற பெண்கள் பெரும்பாலும் இந்தச் சொல்லைச் சொன்னவர்கள்தாம். கல்கியின் 'தியாக பூமி' சாவித்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1939ல் படமாகவும் வந்து ஜனங்களைக் கலக்கிய கதை. விரட்டிய கணவன், அவள் பணக்காரியாகத் திரும்பி வந்ததும் சேர்ந்து வாழ வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிறான். வேண்டுமானால் அவனுக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன், சேர்ந்து வாழமாட்டேன் என்கிறாள் அவள். அவள் எந்த வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தாள் என்று யாரும் அவளை நினைவு வைத்துக்கொள்ளவில்லை. எதை மறுத்தாள் என்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் இதே கதைதான். ஜேன் ஆஸ்டின் 1813ல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், காலின்ஸ் என்கிற பாதிரியார் எலிசபெத்தைப் பெண் கேட்கிறார். அவள் மாட்டேன் என்கிறாள். நல்ல குடும்பத்துப் பெண்கள் முதலில் மாட்டேன் என்றுதான் சொல்வார்கள் என்று அவர் சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறார். அவள் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுத்தல் என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்குகிற மொழியிலும் ஒரு பெண்ணின் மறுப்பைக் காதில் போட்டுக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் அந்த ஆசிரியை, சம்பாஷணை முழுவதையும் எழுதினாள். அத்தியாயத்தைத் தாண்டிக் குதிக்கவில்லை.

மறுப்பதற்குச் சட்டமும் மெதுவாகத்தான் இடம் கொடுத்தது. வாக்குச் சாவடிக்கு வந்து, யாருக்கும் போடமாட்டேன் என்று சொல்ல 1961ஆம் வருஷத்துத் தேர்தல் விதிகளில் 49-ஓ என்று ஒரு விதி இருந்தது. ஆனால் பதிவேட்டில் அதை எல்லார் எதிரிலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ரகசியம் போய்விடும். பெண் பார்க்க வந்தவர்கள் தெருவில் நிற்கும்போது கேட்ட கேள்வி மாதிரிதான் அதுவும். 2013ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகுதான் 'நோட்டா' என்று ஒரு பொத்தான் வந்து, மறைவாக மறுக்க முடிந்தது.

கல்யாணத்தில் ஒப்புக்கொள்வதற்கும் ஒரு சொல் சட்டத்தில் ஏறியிருக்கிறது. 1967ல் சென்னைச் சட்டசபை இயற்றி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், 'இவரை என் கணவராகக் கொள்கிறேன்', 'இவளை என் மனைவியாகக் கொள்கிறேன்' என்ற பொருள்பட ஒருவருக்கொருவர் சொன்னாலே கல்யாணம் செல்லும். சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்த பிரிவு. அரசியலை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் பாருங்கள். பெண்ணைப் பார்த்து, எடுத்து, கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில், அவளே எழுவாயாக நின்று ஒரு வினைமுற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வினை தேர்ந்தெடுத்தல்கூட அல்ல; கொள்ளுதல். சின்னச் சொல். ஆனால் அதை இன்னொருவர் அவளுக்காகச் சொல்ல முடியாது.

இவ்வளவும் யோசித்த பிறகு, தொடர்கதை புத்தகமாக வரும் சமயத்தில், அந்த இடத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். 'தேர்ந்தெடுத்தாள்' என்ற வரியை அடித்தேன். அடித்துவிட்டு, அந்தப் பெண்ணை அவள் அப்பா முன்னால் நிறுத்தினேன். நின்றாள், பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை. அக்காவின் "உங்க இஷ்டம்ப்பா"தான் பேனாவில் வந்து வந்து நின்றது. நாலாம் நாள், அப்பாவைக் கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க வைக்காமல், அவரைச் சும்மா உட்கார வைத்துப் பார்த்தேன். அப்போது அவள், "அப்பா, நீங்க பாத்து வெச்சிருக்கிற இடத்துக்கு நான் மாட்டேன்" என்றாள். யாரை வேண்டும் என்று அவள் சொல்வதற்கு அதற்குப் பிறகு ஒன்பது பக்கம் ஆயிற்று. அழுகை, சமாதானம், அத்தை வந்து நடுவில் பேசியது, அப்பா இரவுச் சாப்பாட்டை வேண்டாம் என்றது, எல்லாம் அதில் அடக்கம். அந்த ஒன்பது பக்கமும் தொடர்கதையில் இல்லாதவை. இருந்திருக்க வேண்டியவை.

திருத்திய புத்தகம் ஒன்றை அந்த வாசகிக்கு அனுப்பியிருக்கிறேன். அட்டையை அடுத்த பக்கத்தில், 'நீங்கள் கேட்டது நூற்றெண்பதாம் பக்கத்தில் இருக்கிறது' என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.